புறங்கை சொன்ன ஈரம்

எந்த வீட்டுக்குப் போனாலும் அத்தை முதலில் தொடுவது அங்கே இருக்கும் துணியைத்தான். உட்காரச் சொன்னால், உட்காருவதற்கு முன் சோபா உறையின் மேல் வலது புறங்கையை வைப்பார். கடையில் தொங்கும் திரைச்சீலை, பேருந்து இருக்கை, பக்கத்து வீட்டுக் கொடியில் கிடக்கும் போர்வை, எதையும் விடமாட்டார். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்த என் அப்பாவைப் பார்க்க வந்தவர், நெற்றியைத் தொடாமல் தலையணையைத் தொட்டுவிட்டு, "உறையை மாத்துங்க" என்றார். தங்கை வந்தது தன்னைப் பார்க்க அல்ல, தலையணையைப் பார்க்கத்தான் என்று அப்பா குணமான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் அதை ஒருவகைப் பாசம் என்று நினைத்திருந்தேன். படிப்பை முடித்து, முதல் வேலைக்காக அத்தை வீட்டில் தங்க வந்த பிறகுதான் அது அவர் தொழில் என்று தெரிந்தது.

அத்தை வேலை பார்ப்பது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில். அங்கே படுக்கை விரிப்புகள் டிரையரிலிருந்து வண்டி வண்டியாக வந்து ஒரு நீள மேசையில் குவியும். எல்லாமே சூடாக இருப்பதால், எது காய்ந்தது, எது காயாதது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் மின்விசிறிக்குக் கீழே கிடக்க விடவேண்டும். நன்றாகக் காய்ந்தது அறையின் சூட்டுக்கு வந்து நின்றுவிடும். நடுவில் எங்காவது ஈரம் தங்கியது அதற்கும் கீழே இறங்கிச் சில்லென்று ஆகிவிடும். அத்தை புறங்கையை வைப்பார். சில்லென்று இருந்தால் ஒரே ஒரு சொல்: "ஈரம்." அந்த விரிப்பு திரும்ப டிரையருக்குப் போகும். மறுபேச்சு கிடையாது. ஈரத்தோடு மடித்து அடுக்கிவிட்டால் மறுநாள் அலமாரி முழுக்கப் பூஞ்சை வாடை அடிக்கும். அத்தை கை வைத்த அடுக்கில் அப்படி நடந்ததே இல்லை. அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஈரக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பிரிவுக்காரர்கூட அப்படித்தான்.

இவ்வளவு ஈரத்தை விரட்டிய அத்தை குடியிருந்தது ஈரத்திலேயே. தரைத்தளத்தில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. படுக்கையறையின் பின்சுவர் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்தது. சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி நிற்கும். கட்டிலுக்கு அடியில் வைத்த தோல் செருப்பில் ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். தீக்குச்சி மூன்றாவது உரசலுக்குத்தான் மனம் இரங்கும். வருடத்தில் முக்கால்வாசி நாள், உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு பிசுபிசுக்கும்.

இதில் அடிபட்டவர் மாமா. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர், எப்போதும் முதல் ஷிஃப்ட். விடிவதற்கு முன்னால் டிப்போவில் இருக்கவேண்டும் என்பதால், தெருவில் பிள்ளைகள் இன்னும் பந்து விளையாடிக்கொண்டிருக்கும்போதே படுக்கப் போய்விடுவார். படுப்பார், தூங்கமாட்டார். வியர்வை காயாது. புரண்டு புரண்டு படுத்து, எழுந்து துண்டால் துடைத்துக்கொண்டு, மறுபடியும் படுப்பார். காலையில் அவர் முகத்தைப் பார்த்தால் ஷிஃப்ட் முடித்துத் திரும்பியவர் போல இருக்கும்.

ஒருநாள் காலையில் மாமா பேருந்து நிறையப் பயணிகளோடு, கடைவீதிக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல், நேராக ஓட்டி, டிப்போவுக்குள் போய், வண்டி கழுவும் வரிசையில் ஒழுங்காக நிறுத்திவிட்டார். விபத்து எதுவும் இல்லை. சிக்னலை மதித்திருக்கிறார், இண்டிகேட்டர்கூடப் போட்டிருக்கிறார். எப்படி வந்தோம் என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை. பயணிகள் சத்தம் போட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். அவர் டிப்போ கேன்டீனில் வேலை பார்ப்பவர்.

மேலாளர் சுருக்கமாக முடித்துவிட்டார். அடுத்த மாதம் டிப்போ மருத்துவர் மறுபடி பார்ப்பார். தூக்கம் சரியாகிவிட்டது என்று அவர் எழுதிக் கொடுத்தால் பேருந்து. இல்லையென்றால், ஓய்வு பெறும்வரை வண்டி கழுவும் பிரிவு. மருத்துவர் பார்க்கும்வரை டிப்போவுக்குள்ளேயே வண்டிகளை இங்கிருந்து அங்கே நகர்த்திக்கொண்டிருக்கலாம். அதுவும் முதல் ஷிஃப்டில்தான். ஊரையே சுற்றி வந்த மனிதர் ஒரு சுற்றுச்சுவருக்குள் இரண்டாவது கியரைத் தாண்டாமல் சுற்றினார். வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசுவதில்லை. முன்பும் பெரிதாகப் பேசமாட்டார். ஆனால் இது வேறு மாதிரி.

வண்டி டிப்போவுக்குள் போன அன்றே பார்த்த மருத்துவர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "உங்களுக்கு நோய் எதுவும் இல்ல. ரூம் காத்துல ஈரம் அதிகமா இருக்கு. வேர்வை காஞ்சாதான் உடம்புச் சூடு இறங்கும், சூடு இறங்கினாதான் ஆழ்ந்த தூக்கம் வரும். ஒரு ஏசி போட்டு அந்த ஈரத்தை எடுங்க."

ஏசி வந்தது. மாட்ட வந்த மெக்கானிக் அவசரக்காரர். ரிமோட்டில் இருந்த படங்களை வரிசையாகக் காட்டினார். பனிப்பூ போட்டிருந்தால் குளிர், விசிறி போட்டிருந்தால் வெறும் காற்று, தண்ணீர்த் துளி போட்டிருந்தால் ஈரத்துக்கு.

"ஈரத்துக்கா? ஏற்கெனவே இருக்கிற ஈரம் போதாதா எங்களுக்கு?" என்றார் அத்தை.

"இல்லம்மா, அது ஈரத்தை எடுக்கறதுக்கு."

"எடுக்கறதுக்குன்னா துளியை அடிச்சில்ல போட்டிருக்கணும்? சும்மா துளி போட்டிருந்தா என்ன அர்த்தம்?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால், விளக்கம் தேவைப்படும் எல்லாப் பொருளும் என் பக்கம்தான் திரும்பும். நான் படித்தது வணிகவியல். அந்தப் பட்டத்தில் ஏசியும் அடங்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் மறுத்ததில்லை.

"சும்மா அப்படிப் போட்டிருப்பாங்க அத்தை" என்றேன்.

"அப்ப அந்த பட்டனை யாரும் தொடாதீங்க" என்றார் அத்தை.

அன்று மாலை மாமா முகம் கழுவிக்கொண்டு, ஒரு புது ஊருக்குப் போகிறவர் போலப் படுக்கையறைக்குள் போனார். பனிப்பூவைப் போட்டு இருபதில் வைத்திருந்தோம். அறை குளிர்ந்தது. மாமா படுத்தார். கண்ணை மூடினார். அத்தை பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் விரிப்பின் மேல் புறங்கையை வைத்தார்.

"ஈரம்."

மாமா கண்ணைத் திறக்கவில்லை.

"என்னங்க, எழுந்திருங்க. விரிப்பு ஈரமா இருக்கு."

"நல்லாத்தானே இருக்கு."

"தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு. இதுல படுத்தா நெஞ்சுல சளி கட்டிக்கும். எழுந்திருங்கன்னா."

மாமா எழுந்து தலையணையைக் கட்டிப்பிடித்தபடி மூலையில் நின்றார், பேருந்துக்கு நிற்பவர் போல. அத்தை விரிப்பை உருவி, கூடத்துக்குக் கொண்டுவந்து இஸ்திரி போட்டார். சூடாகக் கொண்டுபோய் விரித்தார். ஈரம் வெளியே போகட்டும் என்று ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்தார். வெளியில் இருந்த புழுக்கம் முழுவதும் உள்ளே வந்து, ஏசி அதை இழுத்துப் பிடித்துக் குளிர்விக்க ஆரம்பித்தது. மாமா படுத்தார். இஸ்திரிச் சூடு ஆறும் வரை நிம்மதி. பிறகு புறங்கை.

"இன்னும் ஈரம். ஏசி பத்தலை. இன்னும் குறைச்சு வை."

குறைத்து வைத்தோம். விரிப்பு இன்னும் குளிர்ந்தது. இன்னும் குளிர்ந்ததால் இன்னும் ஈரமானது. அந்த வார முடிவில் பதினாறுக்கு வந்துவிட்டோம். அதற்குக் கீழே ரிமோட்டில் எண் கிடையாது. மாமா ஸ்வெட்டர், காலுறை, காதை மூடிய குல்லாவோடு தூங்கப் போனார். இஸ்திரிப் பெட்டி படுக்கையறைக்கே குடிவந்துவிட்டது. ஏசி வருவதற்கு முன்னால் வியர்வையால் தூங்காத மனிதர், இப்போது நின்றுகொண்டு இருந்ததால் தூங்கவில்லை.

மூலையில் நின்றபடி அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான். "மாப்ள, வண்டி கழுவுற இடத்துலயும் இதே ஈரம்தான். ஆனா அங்க யாரும் என்னை எழுப்பமாட்டாங்க."

நான் போய் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வந்தேன். உள்ளங்கை அளவுப் பெட்டி, காற்றில் எவ்வளவு ஈரம் என்று எண்ணில் காட்டும். ஏன் வாங்கினேன் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். மாமாவுக்காகத்தான். ஆனால் அத்தையின் கையோடு வாதாட என்னிடம் கை எதுவும் இல்லை, எண்ணாவது இருக்கட்டும் என்பதும் காரணமாக இருக்கலாம்.

முதல்நாள் பெட்டி என் மானத்தை வாங்கியது. பதினாறில் ஓடிக்கொண்டிருந்த அறையில் எழுபத்து நான்கு காட்டியது. ஐம்பது, ஐம்பத்தைந்து இருந்தால்தான் நல்லது என்று அதன் அட்டையிலேயே போட்டிருந்தது.

"பார்த்தியா, ஈரம்னு உன் பெட்டியே சொல்லுது" என்றார் அத்தை.

"நீங்க ஜன்னலைத் திறக்கறதால அத்தை. வெளியில இருக்கிற ஈரம் உள்ள வருது."

"உள்ள இருக்கிறது வெளிய போகாதா? ஜன்னல் என்ன ஒருவழிப் பாதையா?"

மறுநாள் அத்தை வேலையிலிருந்து வரும் முன்பே ஜன்னலையும் கதவையும் சாத்தி, இருபத்தாறில் வைத்து, யாரும் தொடக்கூடாத துளி பட்டனைத் தொட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எண் இறங்கியது. வெளியே ஏசியின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி வாளி நிறைந்தது. மாமா வாளியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என் ரூம்லயா இருந்துச்சு?" என்றார். ஸ்வெட்டரைக் கழற்றினார். பெட்டி ஐம்பத்தைந்தில் நின்றது.

அத்தை வந்தார். நேராகப் புறங்கை.

"ஈரம்."

"இல்ல அத்தை. ஏசி ரூம்ல எல்லாத் துணியும் சில்லுன்னுதான் இருக்கும். காஞ்ச துணியும் சில்லுன்னுதான் இருக்கும்."

"நீ இப்பதான்டா வேலைக்குப் போற. நான் எத்தனை நோயாளிக்கு விரிப்புப் பார்த்து அனுப்பியிருக்கேன் தெரியுமா? ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஈரமா இருந்துச்சுன்னு சொல்லியிருப்பானா? அந்தப் பெட்டிக்குக் கை இருக்கா, தோல் இருக்கா? சுவத்துல ஒட்டிக்கிட்டு ஏதோ ஒரு நம்பரைச் சொல்லுது. எழுந்திருங்க, நீங்க."

கடைசிச் சொல் மாமாவுக்கு. மாமா எழுந்திருக்கவில்லை. நான் அங்கே தங்க வந்த பிறகு அவர் அத்தை சொல்லை மீறியது அதுதான் முதல்முறை. படுத்தபடியே பேசினார்.

"ஒண்ணு பண்ணலாம். டாக்டர் பார்க்கிற வரைக்கும் இந்த விரிப்புல நீ கை வைக்கக் கூடாது. நான் தேறிட்டேன்னா, எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு வார்த்தை, 'என் கை சொன்னது தப்பு'ன்னு சொல்லணும். தேறலேன்னா, காலம் பூரா நீ இஸ்திரி போடு, நான் நின்னுக்கிட்டே தூங்கறேன்."

அத்தை இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "சளி கட்டினா என்கிட்ட வந்து நிக்காதீங்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த மாதம் அத்தை பட்ட பாடு கொஞ்சமல்ல. படுக்கையறைக்குள் போகும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவார். கட்டிலில் தன் பாதியில் ஏறி, இரண்டு கைகளையும் மார்பில் கோத்துக்கொண்டு, போட்டோவுக்கு வைத்தவர் போல நேராகப் படுப்பார். ஒருநாள் விரிப்பில் ஒரு தலைமுடி கிடக்கிறது என்று எடுக்கக் குனிந்தார். மாமா கண்ணை மூடியபடியே, "அது என் முடி, இருக்கட்டும்" என்றார். அடக்கிய கை வேறு எங்காவது வெளிப்படவேண்டுமே. நான் அலுவலகம் கிளம்பும்போது என் சட்டைக் காலர், கைக்குட்டை, பையின் வார் எல்லாம் ஈரமாக ஆரம்பித்தன. சலவைப் பிரிவில் அந்த மாதம் டிரையருக்குத் திரும்பிய விரிப்புகள் வழக்கத்தைவிட அதிகம் என்று, அவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் வழியில் பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். "ஈரக்காவுக்கு வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?"

நான் மட்டும் என்ன ஒழுங்கு. படுக்கையறைக் கதவு திறக்கும்போதெல்லாம் பெட்டியை எட்டிப் பார்த்தேன். எண் அறுபதைத் தாண்டினால்தான் எனக்குப் புழுங்க ஆரம்பித்தது. அதற்கு முன் புழுங்கியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாமா தூங்கினார். முதலில் விட்டுவிட்டு, பிறகு ஒரே மூச்சாக. குறட்டை கூடம்வரை கேட்டது. முகத்தில் இருந்த வீக்கம் வடிந்தது. டிப்போவுக்குள் வண்டி நகர்த்தும்போது பாட்டு முணுமுணுக்கிறார் என்று செய்தி வந்தது.

மருத்துவர் பார்க்கவிருந்த வாரத்தில் பெட்டியின் பேட்டரி தீர்ந்துபோனது. நான் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தேன். மாமா பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் திரும்பி வந்த அன்று, டிப்போ வாசலுக்கு வரச்சொல்லி, டீ வாங்கிக்கொடுத்து, பெட்டி நின்றுபோன அந்த இரவு நடந்ததைச் சொன்னார்.

அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து அத்தை உள்ளே வந்திருக்கிறார். இருட்டிப்போன பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, விரிப்பின் ஓரத்தில் புறங்கையை வைத்தார். வைத்த கையை எடுத்து மர அலமாரியின் கதவில் வைத்தார். பிறகு நாற்காலி முதுகில். பிறகு அலமாரிக்குள் பல நாளாக மடித்துக் கிடந்த, ஏசி போட்ட பிறகு யாரும் தொடாத ஒரு போர்வையில். திரும்ப விரிப்பில். எல்லாம் ஒரே சில்.

"அப்புறம்?" என்றேன்.

"கையை உள்ளங்கைப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தா. யாரோ புதுசா ஒருத்தர் வீட்டுக்கு வந்த மாதிரி. அப்புறம் சத்தம் போடாம வந்து படுத்துட்டா."

"மாமா, அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு! கேட்டுடுங்க."

"எப்படிக் கேக்கறது? கேட்டா, நான் முழிச்சிருந்தேன்னு ஆகிடும். டாக்டர்கிட்ட நான் ஒழுங்காத் தூங்கறேன்னு சொல்லப் போறேன். இவ கூட வரேன்னு வேற சொல்லியிருக்கா. அங்க வந்து, 'அன்னிக்கு முழிச்சிருந்தாருங்க'ன்னு போட்டுக்கொடுத்தா?"

டீயைக் குடித்து முடித்தார். சாட்சியும் அவரே, மாட்டிக்கொண்டவரும் அவரே.

அத்தை உண்மையிலேயே மருத்துவரிடம் கூடப் போனார். ராத்திரி எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்று கேட்டபோது மாமா வாயைத் திறப்பதற்குள், "இடியே விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார் டாக்டர். நான் பக்கத்துலேயே இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றிருக்கிறார். மாமா தலையாட்டினார். மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மேலாளர் அதே வாரம் மாமாவின் பழைய வண்டியையே திரும்பக் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டில் கூட்டம். வெளியூரில் இருக்கும் அவர்கள் மகள் ஏழாம் மாத வயிற்றோடு கணவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வடிகட்டியைச் சுத்தம் செய்ய வந்த மெக்கானிக்கும் இருந்தார். மாமா தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் இருக்காங்க" என்றார்.

"இருக்கட்டுமே, நல்லதுதானே. டீ போடறேன்" என்று அத்தை எழுந்தார்.

"அம்மா, அப்பா என்னமோ கேக்கறார்" என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"என்ன கேக்கறார்? அவர் தேறினது ஏசியால. என் கையைப் பத்தி டாக்டர் ஒரு வார்த்தையாவது சொன்னாரா? சீட்டுல எழுதியிருக்கா?"

"பேச்சு அது இல்லையே" என்றார் மாமா.

"சொல்றேங்க. இப்ப என்ன, நான் எங்கயாவது ஓடியா போறேன்?"

சரியாக ஒரு மாதத்தில் போனார். பேறுகால உதவிக்கு மகள் கூப்பிட்டிருந்தாள். மருத்துவமனையில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார். ஆட்டோ வேண்டாம், மாமா ஓட்டும் வண்டியிலேயே போகலாம் என்றார். அது அவர் பாணி நன்றியாக இருக்கலாம் என்று தோன்றியது, நான் கேட்கவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் அத்தை உட்கார்ந்தார். நான் அவர் துணிப்பெட்டியோடு பக்கத்தில். வண்டி நிறைய ஆள்.

கடைவீதிச் சிக்னலில் வண்டி நின்றது. மாமா மேலே இருந்த கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார்.

"இங்க நிறைய பேர் இருக்காங்க. இப்பவே சொல்லிட்டா முடிஞ்சுடும்" என்றார்.

அத்தை, மாமாவின் தலைக்கு மேலே திருகி மாட்டியிருந்த தகட்டை விரலால் காட்டினார். 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

"வண்டி நிக்குதே" என்றார் மாமா.

"பச்சை விழுந்துடுச்சு. ரோட்டைப் பாருங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாமா ரோட்டைப் பார்த்தார். திரும்பவேண்டிய இடத்தில் ஒழுங்காகத் திரும்பினார். நிலையத்தில் இறங்கும்போது அத்தை, "வேளைக்குச் சாப்பிடுங்க. போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்" என்று மட்டும் சொன்னார்.

போன் பண்ணினார். தினமும் பண்ணுகிறார். பேரன் பிறந்தான், மூன்றேகால் கிலோ, அப்பா மூக்கு, தாத்தா மாதிரி சத்தம் போடாமல் முறைக்கிறான், எல்லாம் சொல்லியாகிவிட்டது. மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்பார். எதிர்ப்பக்கம் குழந்தை அழும் சத்தம்கூடக் கேட்காது.

"அப்புறம் என்ன, குழந்தை அழறான், வைக்கறேன்" என்பார் அத்தை.